காய்ச்சலை வைத்திருப்பது யார்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மீன் இறக்கும் இடங்களில் படுத்துக் கிடக்கும் தெருநாய் ஒன்றின் காதுமடலைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே உண்ணி அடுக்கியிருக்கும். கால்விரல் இடுக்கிலும் இருக்கும். உள்நாட்டுப் பக்கம் கமுதி, முதுகுளத்தூர் போனால் கிடை ஆடுகளின் காதில் வேறு இனம். மாட்டின் அலைதாடியிலும் மடியோரத்திலும் இன்னோர் இனம். ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் உண்ணிக்கடியை ஒரு பொருட்டாகவே சொல்லமாட்டார். பிடுங்கி, நகத்தில் வைத்து நசுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

மருத்துவ நூல்களோ உண்ணி பரப்பும் காய்ச்சல்களை உயிருக்கு ஆபத்தானவை என்று எழுதி வைத்திருக்கின்றன. சிகிச்சை தாமதித்தால் விரல்நுனி அழுகலாம், மூளை பாதிக்கப்படலாம், உயிரே போகலாம் என்கின்றன. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? இத்தனை கடிக்கும் இத்தனை குறைவாகக் காய்ச்சல் ஏன்? இல்லை, காய்ச்சல் வந்துகொண்டேதான் இருக்கிறதா? நாம்தான் அதை ‘வைரல் காய்ச்சல்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோமா? இரண்டுமே ஓரளவு உண்மை. அதைப் புரிந்துகொள்ள, நோயாளியை விட்டுவிட்டு உண்ணிக்குள்ளும் நாய்க்குள்ளும் மாட்டுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். நம் செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற நோயை. அதைப் பரப்புவது நாயிலும் மாட்டிலும் நாம் பிடுங்கும் உண்ணி அல்ல. உழவர்கள் சிலந்திப்பேன் என்று அறிந்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்த, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பூச்சியின் குஞ்சு அது. ஈரமான புதர்களில் இருந்து ஏறிக் கடிக்கும்; கடித்த இடத்தில் பலருக்குக் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் குளிர் மாதங்களில் அது கூடுவதை வேலூர் மருத்துவர்கள் 2003இலேயே எழுதினார்கள். நான் இங்கே எழுதுவது அதற்கு உறவான, ஆனால் வேறான நோயைப் பற்றி. மெய்யான உண்ணி பரப்பும் ‘புள்ளிக் காய்ச்சல்’ அது. இந்தியாவில் காணும் வகைக்கு ‘இந்திய உண்ணி டைஃபஸ்’ என்று பெயர். கிருமியின் பெயர் ரிக்கெட்சியா கொனோரியை.

ரிக்கெட்சியா ஒரு பாக்டீரியா. ஆனால் டைஃபாய்டு கிருமியைப் போல ஊட்டக்குழம்பில் தனியாக வளராது. இன்னோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் அது வாழும், பெருகும். தனக்கு வேண்டிய பல பொருள்களை அந்தச் செல்லிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், அவற்றைத் தானே தயாரிக்கும் மரபணுக்களைப் பரிணாமத்தில் இழந்துவிட்டது. இதனால் நோயாளிக்கு இரண்டு தொல்லைகள். மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யும் இரத்த வளர்ப்புச் சோதனையில் இந்தக் கிருமி முளைக்காது. ‘எதுவும் இல்லை’ என்று முடிவு வரும். இரண்டாவது, காய்ச்சல் என்றதும் போடப்படும் பெனிசிலின் குடும்பத்து ஊசிகள் இதைத் தொடுவதில்லை. டாக்சிசைக்ளின் என்ற மலிவான பழைய மருந்து செல்லுக்குள் புகுந்து அதை அடக்குகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்குகிறது.

மனித உடலில் இந்தக் கிருமி தேடிப்போகும் இடம் இரத்தக்குழாய்களின் உட்சுவரில் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும் செல்கள். அவை சிதையும்போது குழாய் கசியத் தொடங்குகிறது. தோலில் கசிந்தால் சிவந்த புள்ளிகள். நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல். மூளையில் என்றால் குழப்பம், மயக்கம். புள்ளிகள் காய்ச்சல் தொடங்கிச் சில நாள் கழித்தே வரும். நம் கருத்த தோலில் அவை எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பாடநூல்களில் வெள்ளைத் தோலில் எடுத்த படங்களைப் பார்த்துப் பழகிய கண் இதைத் தவறவிடும். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மற்ற பல காய்ச்சல்களின் தடிப்பு அங்கே அவ்வளவாக வருவதில்லை, இது வரும்.

இனி நாய். ஒரு தெருநாய்க்குத் திடீரென்று மூக்கில் இரத்தம் ஒழுகுகிறது. ஈறு வெளுத்திருக்கிறது, சாப்பாட்டைத் தொடுவதில்லை. பலர் அடிபட்டது என்றோ விஷம் வைத்தார்கள் என்றோ நினைப்பார்கள். பல நேரங்களில் காரணம் எர்லிக்கியா கேனிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா. 1935இல் அல்ஜீரியாவில் தோனாசியன், லெஸ்தோக்கார் என்ற இருவர் உண்ணி மொய்த்த நாய்களில் இதை முதலில் கண்டார்கள். இதுவும் செல்லுக்குள் வாழ்வது. ஆனால் தேர்ந்தெடுப்பது வெள்ளணுக்களை. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோவதால்தான் மூக்கில் கசிவு. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இதனால் செத்த பிறகே உலகம் இதைக் கவனித்தது. சென்னையில் நாய்களின் இரத்தத்தில் இதன் மரபணுவையே கண்டு 2007இல் ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். மருந்து இதற்கும் அதே டாக்சிசைக்ளின், சுமார் நான்கு வாரம்.

எர்லிக்கியா கேனிஸ் மனிதருக்கு வருவது மிக மிக அரிது. ஆகவே நாயின் இந்த நோயைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதைப் பரப்பும் பழுப்பு நாயுண்ணிதான் இந்திய உண்ணி டைஃபஸையும் பரப்பக்கூடியது. தெருவில் ஒரு நாய் மூக்கில் இரத்தத்தோடு நிற்கிறது என்றால், அந்தத் தெருவில் உண்ணிகள் கிருமியைக் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருளாகலாம். அதே தெருவில் ஒரு குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், மருத்துவரிடம் அந்த நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் உண்ணியால்தான் என்று எப்படி அறிந்தார்கள்? உண்ணி எல்லா மாட்டிலும் இருக்கிறது, நோய் சில மாட்டுக்குத்தான் வருகிறது என்ற நிலையில் உண்ணியின் மேல் குற்றம் சுமத்துவது எளிதாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு புதிர் இருந்தது. டெக்சாஸ் முதலிய தென்பகுதி மாடுகள் நல்ல உடல்நலத்தோடு வடக்கே ஓட்டிவரப்படும். அவை நடந்து போன நிலத்தில் மேய்ந்த வடக்கு மாடுகள் சில வாரங்களில் கொத்துக்கொத்தாகச் சாகும். தென்மாட்டின் மூச்சா, எச்சிலா, சாணமா என்று ஆளுக்கொரு கருத்து. உண்ணிதான் என்று மாடு மேய்ப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், படித்தவர்கள் கேட்கவில்லை.

தியோபால்ட் ஸ்மித் என்ற ஆய்வாளரும் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் 1889 முதல் வாஷிங்டன் அருகே ஒரு பண்ணையில் வேலி போட்டுச் சோதித்தார்கள். ஒரு வேலிக்குள் உண்ணியோடு இருந்த தென்மாடுகளும் வடமாடுகளும். வடமாடுகள் நோயுற்றன. இன்னொரு வேலிக்குள் தென்மாடுகளின் உடலில் இருந்த உண்ணி ஒவ்வொன்றையும் கையால் பிடுங்கிவிட்டு வடமாடுகளோடு விட்டார்கள். எதுவும் ஆகவில்லை. மூன்றாவது வேலிக்குள் தென்மாடே இல்லை. புல்லில் உண்ணிகளை மட்டும் தூவினார்கள். வடமாடுகள் நோயுற்றன. பிறகு உண்ணியின் முட்டையை ஆய்வகத்தில் பொரிக்க வைத்து, பிறந்ததிலிருந்து எந்த மாட்டையும் காணாத குஞ்சுகளை நல்ல மாட்டின் மேல் விட்டார்கள். அதற்கும் நோய் வந்தது. 1893இல் இதை வெளியிட்டபோது, ஒரு பூச்சி வகை உயிரி நோயைக் கடத்துகிறது என்பதற்கான முதல் உறுதியான சான்றுகளில் ஒன்றாக அது நின்றது. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

ஸ்மித் கண்ட கிருமி பாக்டீரியா அல்ல, பேபிசியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. ஆனால் அவர் காட்டிய வழிமுறையைத்தான் பாக்டீரியாவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1906இல் மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ் புள்ளிக் காய்ச்சல் கண்ட கினிப்பன்றியில் உண்ணியை ஒட்டவிட்டு, அதையே நல்ல கினிப்பன்றிக்கு மாற்றி நோயை உண்டாக்கிக் காட்டினார். உண்ணியின் முட்டைக்குள்ளும் கிருமி போவதைக் கண்டார். 1910இல் மெக்சிகோவில் டைஃபஸை ஆராயப் போன இடத்தில் அதே நோய்க்குப் பலியானார். அப்போது அவருக்கு வயது 39. கிருமிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்தியாவில் மெகா என்ற மருத்துவர் குமாவூன் மலைப்பகுதியில் கண்ட டைஃபஸ் போன்ற காய்ச்சலைப் பற்றி 1921இல் ஒரு கட்டுரை எழுதினார். உண்ணிகள் பரப்பியிருக்கலாம் என்பதைத் தலைப்பிலேயே சொன்னார். 

ரிக்கெட்ஸ் முட்டைக்குள் கண்டதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. உண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். அது ஒருமுறை வயிறு நிறைய இரத்தம் குடித்து, தோலுரித்து, எட்டுக்கால் குஞ்சாகும். அது இன்னொருமுறை குடித்து முழு உண்ணியாகும். பெண் உண்ணி மூன்றாம் முறை குடித்து, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பருவத்துக்கு ஒரே வேளைச் சாப்பாடு. பழுப்பு நாயுண்ணி ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் கூரை இறவாணத்திலும் ஒளிந்துகொள்ளும். அடுத்த நாய்க்காக மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். மாட்டு உண்ணி அப்படியில்லை. குஞ்சாக ஏறிய மாட்டிலேயே சுமார் மூன்று வாரம் தங்கி மூன்று சாப்பாட்டையும் முடித்துவிட்டுத்தான் இறங்கும்.

ஒரு பருவத்தில் குடித்த கிருமி அடுத்த பருவத்திலும் உண்ணிக்குள் உயிரோடு இருந்தால் அதைப் பருவவழிக் கடத்தல் எனலாம். தாயிடமிருந்து முட்டைக்குள் போனால் முட்டைவழிக் கடத்தல். நாயின் எர்லிக்கியா பருவவழியில் மட்டுமே போகும், முட்டைக்குள் போகாது. அப்படியென்றால் ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் நோயுள்ள நாயைக் கடித்துத்தான் கிருமியைப் பெற வேண்டும். கிருமியின் வைப்பிடம் நாய். நாயைக் குணப்படுத்தினால் சங்கிலி அறுகிறது. புள்ளிக் காய்ச்சல் ரிக்கெட்சியா இரு வழியிலும் போகும். எந்த விலங்கையும் கடிக்காத, நேற்றுப் பொரித்த குஞ்சே கிருமியோடு இருக்கலாம். இங்கே வைப்பிடம் உண்ணியே. நாய் அதற்குச் சாப்பாடும் சவாரியும் தருகிறது. மனிதர் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. நம்மைக் கடித்த உண்ணி பிடுங்கப்பட்டுவிடும், நம் உடலில் பெருகிய கிருமி வேறு எங்கும் போகாது. ஒரு நோயின் முழுச் சுழற்சியும் நமக்கு வெளியே நடக்கும்போது, காய்ச்சல் வார்டில் மட்டும் அதைத் தேடினால் எப்போதும் அதன் ஓரம்தான் கண்ணுக்குத் தெரியும்.

கடி பல, காய்ச்சல் சில என்ற புதிருக்கும் விடை உண்ணிக்குள்ளேயே இருக்கிறது. மறுபடி பிட்டர்ரூட் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். நடுவே ஓடும் ஆற்றின் மேற்குக் கரையில் புள்ளிக் காய்ச்சல் ஆண்டுதோறும் ஆட்களைக் கொன்றது. கிழக்குக் கரையில் அரிது. இரு கரையிலும் ஒரே இன உண்ணி. கிழக்கிலும் அது மனிதரைக் கடிக்கத்தான் செய்தது. நெடுங்காலம் விடையில்லாமல் கிடந்த இந்தக் கேள்விக்கு, அதே பள்ளத்தாக்கில் இருந்த ஆய்வகத்தின் வில்லி பர்க்டார்ஃபரும் தோழர்களும் 1981இல் பதில் தந்தார்கள். கிழக்குக் கரை உண்ணிகளின் சூலகத்தில் ஏற்கெனவே வேறொரு ரிக்கெட்சியா குடியிருந்தது. அது யாருக்கும் நோய் தருவதில்லை. தாயிடமிருந்து முட்டைக்கு அது மட்டும் போய்க்கொண்டிருந்தது. அத்தகைய உண்ணிக்குக் கொடிய ரிக்கெட்சியாவை ஊட்டிப் பார்த்தபோது, அது முட்டைக்குள் நுழைய முடியவில்லை. சாதுவான கிருமி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கொடியது தலைமுறை தாண்ட முடியாமல் போனது. இன்று அதற்கு ரிக்கெட்சியா பீகாக்கியை என்று பெயர். டெங்குவைக் கட்டுப்படுத்த வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசு வகையைப் புதுச்சேரியின் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உருவாக்கி 2022இல் அறிவித்ததே, அதன் அடியில் இருப்பதும் இதைப் போன்ற உண்மைதான்: ஒரு பூச்சிக்குள் இருக்கும் ஒரு கிருமி இன்னொன்றைத் தடுக்கும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. கொடிய ரிக்கெட்சியா தன்னைச் சுமக்கும் உண்ணிக்கும் கேடு செய்கிறது. முட்டை குறைகிறது, குஞ்சு சாகிறது. ஆகவே நோய் மிகுந்த ஊரிலும் அந்தக் கிருமியைச் சுமக்கும் உண்ணிகள் சிறுபான்மையே. மற்றொன்று நேரம். பட்டினி கிடக்கும் உண்ணிக்குள் ரிக்கெட்சியா உறங்கும். இதை 1920களில் ஸ்பென்சர், பார்க்கர் என்ற இருவர் கண்டார்கள்: பட்டினி உண்ணியை அரைத்துக் கினிப்பன்றிக்குள் செலுத்தினால் நோய் வரவில்லை, இரத்தம் குடிக்கவிட்டு அரைத்தால் வந்தது. கடித்து உண்ணும்போது சூடும் இரத்தமும் பட்டு விழிக்கக் கிருமிக்குச் சில மணி நேரம் வேண்டும். மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளையின் தலைமுடி, காதின் பின்புறம், அக்குள், இடுப்புக் கயிறு கட்டுமிடம் ஆகியவற்றைப் பார்த்து உண்ணியை எடுத்துவிட்டால் பெரும்பகுதி ஆபத்து அங்கேயே போய்விடுகிறது என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை. தோலையொட்டி நுண்ணிய இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். நகத்தால் நசுக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர் விரல் கீறல் வழியே கிருமியை ஏற்றிவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆனால் ‘குறைவு’ என்பதிலும் ஒரு பகுதி நாம் பார்க்காமல் விட்டது. எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொன்னால் விளங்கும். 1916இல் வைல், ஃபெலிக்ஸ் என்ற இருவர் டைஃபஸ் நோயாளியின் சிறுநீரில் புரோட்டியஸ் என்ற சம்பந்தமில்லாத பாக்டீரியா ஒன்றைக் கண்டார்கள். நோயாளியின் இரத்தநீர் அதைத் திரளச் செய்தது. ரிக்கெட்சியாவின் மேற்புறத்துக்கும் புரோட்டியஸின் மேற்புறத்துக்கும் தற்செயலாக இருக்கும் ஒற்றுமைதான் காரணம். அந்தத் தற்செயலே வைல்-ஃபெலிக்ஸ் சோதனையாகி, நூறாண்டு கடந்தும் நம் பல மருத்துவமனைகளில் நடக்கிறது. மலிவு; ஆனால் நோய் இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும், வேறு நோயையும் இது என்று சொல்லிவிடும். இதைவிடச் சிறந்தது, ரிக்கெட்சியாவையே வைத்து நம் உடல் அதற்கு எதிராகத் தயாரித்த எதிர்ப்பொருளை ஒளிரச் செய்து பார்ப்பது. காய்ச்சலின்போது ஒருமுறையும் சில வாரம் கழித்து இன்னொருமுறையும் இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியிருந்தால் உறுதி.

எதிர்ப்பொருள் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதற்குத் தனுஷ்கோடி மணலில் ஆமை ஏறிய தடத்தைப் பாருங்கள். தடத்தைக் கண்டதும் ஆமை ஏறியது உறுதி. பழகிய மீனவர் அது பங்குனி ஆமையா பேராமையா என்றும் சொல்லிவிடுவார். ஆனால் எந்த ஆமை என்று சொல்ல முடியாது. நேற்றா, போன வாரமா என்பதும் காற்றைப் பொறுத்தது. எதிர்ப்பொருளும் அப்படியே. புள்ளிக் காய்ச்சல் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று இந்த உடலுக்குள் வந்து போயிருக்கிறது என்று சொல்லும். கூட்டத்தில் எது என்று பிரிக்காது. அதற்கு ஆமையையே பிடிக்க வேண்டும், அதாவது கிருமியின் மரபணுவை எடுத்துப் படிக்க வேண்டும். பிசிஆர் அதைச் செய்கிறது. இரத்தத்தில் இந்தக் கிருமி குறைவாகவே மிதக்கும் என்பதால், புள்ளி தோன்றிய தோலில் சிறு துணுக்கை எடுத்துத் தேட வேண்டும்.

இந்தத் தேடலைத் தமிழ்நாட்டில் செய்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. எலிசபெத் மத்தாயும் தோழர்களும் 2001இல், தென்னிந்தியாவில் ரிக்கெட்சியா நோய்கள் மறையவில்லை, இருந்துகொண்டே இருக்கின்றன என்று இரத்தச் சான்றோடு எழுதினார்கள். நோயாளிக்கு நோய் இருந்தது, மருத்துவர் மனத்தில்தான் அதன் நினைவு இல்லை என்பதே அதன் சாரம். 2007இல் புள்ளிக் காய்ச்சலும் டைஃபஸும் தமிழ்நாட்டில் பரவலாக இருப்பதற்கான இரத்தச் சான்றைக் கமராசு முதலியோர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் தந்தார்கள். இவை தடங்கள். இவற்றுக்கு நடுவே 2006இல் ஒரு வயது ஆண் குழந்தை ஒன்றின் தோல் துணுக்கிலிருந்து ஆமையே கிடைத்தது. காய்ச்சலும் தடிப்புமாக இருந்த குழந்தை. வேலூர்க்காரர்களும் பிரான்சின் மார்செய் ஆய்வகமும் சேர்ந்து அதன் மரபணுக்களைப் படித்தபோது, அதுவரை உலகில் பதிவான எந்த ரிக்கெட்சியாவோடும் அது பொருந்தவில்லை. ‘கேண்டிடேட்டஸ் ரிக்கெட்சியா கெல்லியை’ என்று பெயரிட்டார்கள். தனியே வளர்த்துக் காட்டப்படாத பாக்டீரியாவுக்கு முன்னால் ‘கேண்டிடேட்டஸ்’ என்று சேர்ப்பது மரபு. தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றின் உடலில் உலகுக்கே புதிய கிருமி! எனக்கு இந்தச் செய்தி முக்கியமாகப் படுவதற்குக் காரணம் புதுமை மட்டுமல்ல. அதைச் சுமந்து வந்த உயிரி எது, அது எந்த விலங்கில் தங்குகிறது என்ற கேள்விகளுக்குத் தோல் துணுக்கில் விடை கிடைக்காது. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் போக வேண்டும்.

வெப்பம் இந்தக் கதையில் எங்கே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்துக்கு அது நேரடியாகப் பொருந்தும். பழுப்பு நாயுண்ணிக்கு நாய்தான் விருப்பம், மனிதர் இரண்டாம் பட்சம். 2007இல் தெற்கு பிரான்சில் வழக்கத்தை மீறிச் சூடான ஏப்ரலில் நீம் நகரில் ஒரு வீட்டில் மனிதர்களை இந்த உண்ணி கூட்டமாகக் கடித்து நோய் வந்தது. ஆய்வகத்தில் 25 பாகையில் வைத்த உண்ணிகளையும் 40 பாகையில் வைத்தவற்றையும் ஒப்பிட்டபோது, சூட்டில் இருந்தவை மனிதத் தோலில் அதிகமாகப் பற்றின. 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நாயையும் மனிதரையும் இரு முனையில் வைத்து நடுவே உண்ணியை விட்டார்கள். வெப்பமண்டலக் கிளையைச் சேர்ந்த உண்ணிகள், சூடு ஏறியதும் நாயை விட்டு மனிதர் பக்கம் திரும்பின. கத்திரி வெயிலில் நாய் திண்ணை நிழலைத் தேடி வருகிறது, நாமும் அங்கேதான் படுக்கிறோம்.

மாட்டைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விட முடியாது, பால்மாட்டை நம்பிய குடும்பத்துக்கு இது பணநட்டம். அனாபிளாஸ்மா மார்ஜினேல் என்ற பாக்டீரியா மாட்டின் சிவப்பணுவுக்குள் வாழ்கிறது. 1910இல் தென்னாப்பிரிக்காவில் அர்னால்டு தெய்லர் இதைப் பிரித்துக் காட்டினார். காய்ச்சல், பால் குறைவு, ஈறும் கண்ணும் வெளுத்து மஞ்சள் பூப்பது அறிகுறி. பேபிசியாவும் மாட்டு உண்ணியால்தான் வருகிறது, ஆனால் அதில் மாடு சிவப்பாக மூத்திரம் போகும், அனாபிளாஸ்மாவில் போகாது. பேபிசியா சிவப்பணுவை ஓடும் இரத்தத்திலேயே உடைப்பதால் நிறமி சிறுநீரில் இறங்குகிறது; அனாபிளாஸ்மா புகுந்த அணுக்களை மண்ணீரல் பிடித்து அழிப்பதால் மஞ்சள்தான் தெரிகிறது. கன்றாக இருக்கும்போது தொற்றினால் லேசாக வந்து போகும். வளர்ந்த மாட்டுக்கு முதன்முறை வந்தால் கொல்லும். பிழைத்த மாடு நெடுங்காலம் கிருமியை வைத்திருக்கும். ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் போட்டாலும் பரவும். கிடையில் வளர்ந்த புளிக்குளம் மாட்டில் உண்ணி குறைவாகவே நிலைக்கும். வெளியூரிலிருந்து வாங்கி வந்த கலப்பின ஜெர்சிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உண்ணிக்கொக்கு முதுகில் நின்று பொறுக்குவது கண்ணுக்கு இனிது. ஆனால் அது இந்தக் கணக்கைத் தீர்க்கப் போதாது.

ஸ்க்ரப் டைஃபஸைப் பொறுத்தவரை தமிழ்நாடு உலகுக்கு வழிகாட்டியிருக்கிறது. வேலூர் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீடுவீடாகத் தொடர்ந்து கண்காணித்து, 2025இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதே உழைப்பு மெய்யான உண்ணியின் பக்கமும் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. அதைத் தொடங்க ராமேஸ்வரம் தீவு பொருத்தமான இடம். எல்லை தெளிவானது, கோவில் நகரத்துத் தெருநாய்களும், மீன் இறங்குதளத்து நாய்களும், மாடுகளும், ஆடுகளும் மனிதரோடு ஒட்டி வாழ்கின்றன.

என்ன செய்யலாம் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பழங்குடி ஊர்களில் 2003 முதல் இதே பழுப்பு நாயுண்ணி புள்ளிக் காய்ச்சலைப் பரப்பி, குழந்தைகளைக் கொன்றது. 2012இல் ஒரு ஊரில் சுமார் ஐந்நூறு வீடுகளில் ஒவ்வொரு நாய்க்கும் உண்ணி மருந்து ஊறிய கழுத்துப்பட்டை போட்டு, வீட்டைச் சுற்றி மருந்து தெளித்தார்கள். நான்கு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் உண்ணியோடு இருந்த நாய்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பட்டை போடாத பக்கத்து ஊர்களில் 64 விழுக்காடு. இந்த முறையில் நாய்களைக் கொல்லத் தேவையில்லை. கொன்றால் சுவர் வெடிப்பில் பட்டினியாகக் காத்திருக்கும் உண்ணிகளுக்கு மிஞ்சுவது மனிதர்தான்.

நம் ஊர்களில் கருத்தடைக்கும் வெறிநாய்த் தடுப்பூசிக்கும் தெருநாய்களைப் பிடிக்கிறார்கள். நாய் மயக்கத்தில் இருக்கும் அந்த நேரத்தில் காதிலிருந்து நான்கு உண்ணியை எடுத்துச் சாராயம் உள்ள குப்பியில் போடலாம். ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி வைக்கலாம். உண்ணியின் இனத்தைச் சொல்ல ஒரு உருப்பெருக்கியும் பழகிய கண்ணும் போதும். உள்ளிருக்கும் கிருமியை பிசிஆர் சொல்லும். கொரோனாவுக்காக வாங்கிய பிசிஆர் கருவிகள் மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கின்றன. மலேரியா, டெங்கு, டைஃபாய்டு எதுவும் இல்லை என்று சீட்டு வந்த காய்ச்சல்காரரிடம் ‘வீட்டில் நாய் உண்டா, மாடு உண்டா, உண்ணி கடித்ததா’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். பதிலால் புள்ளிக் காய்ச்சல் என்ற ஐயம் எழுந்தால், சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் டாக்சிசைக்ளினைத் தொடங்குவது மருத்துவர்கள் இன்று ஏற்றுக்கொண்ட முறை. முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கியவர்களே மிகுதியாகப் பிழைக்கிறார்கள்.